கடைசித் தெரு வரைக்கும் கேட்கிற பேஸ்

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் நான் இறங்கிவிட்டேன். என் பேஸ் கிட்டார் இறங்கவில்லை. சென்னையில் அதை டிக்கியில் வாங்கி வைத்த நடத்துனர், எடுத்துக் கொடுக்க மறந்து விசில் ஊதிவிட்டார். வண்டி கோயம்புத்தூர் போகிற வண்டி. பெடல் பை மட்டும் தோளில் தொங்க, விடிந்தும் விடியாத நேரத்தில் நடுவழியில் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆட்டோக்காரரிடம் "அந்த பஸ்ஸைப் புடிங்க" என்று சொன்னேன்.

அவர் இப்படி ஒரு வேலைக்காகவே பல வருடம் காத்திருந்தவர் போல ஓட்டினார். கொண்டலாம்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு டீ குடிக்கத் தோன்றியிருக்காவிட்டால் என் கிட்டார் கோவைக்குப் போயிருக்கும். டிக்கியைத் திறந்தால், உறை மேல் யாருடைய வெல்ல மூட்டையோ சொகுசாகப் படுத்திருந்தது. நடத்துனர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். சண்டை போடலாம் என்று வந்தவள் வாங்கிக் குடித்துவிட்டேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரம்பூர்க்காரி. சர்ச்சில் தொடங்கி ஸ்டூடியோக்களில் பேஸ் வாசித்துப் பிழைத்தவள். பாட்டின் அடியில் தும் தும் என்று நடந்துகொண்டே இருக்குமே, அது நான்தான். இப்போது ஸ்டூடியோக்காரர்கள் அந்தத் தும் தும்மைக் கம்ப்யூட்டரிலேயே தட்டிக்கொள்கிறார்கள். வேலை குறைந்து, பிறகு நின்றே போனது. என் அக்காவின் கணவர் தன் கூரியர் ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை வந்து உட்கார் என்கிறார். நல்ல மனிதர். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

கடைசி முயற்சியாகத்தான் இந்தப் பயணம். ஒரு பாடகி சிநேகிதி சொல்லி, திருச்செங்கோட்டு செங்கோட்டுவேல் அண்ணனிடம் பேசினேன். போர்வெல் லாரி வைத்திருப்பவர். ஆசைக்கு ஓர் இன்னிசைக் குழுவும் நடத்துகிறார். பண்டிகைக் காலம் முழுக்க சேலம், நாமக்கல் பக்கம் கோயில் கோயிலாகப் போகிற குழு. போனில் ஒளிக்காமல் பேசினார். "வாங்க அம்மணி. ரெண்டு புரோகிராம் வாசிச்சுப் பாருங்க. புடிச்சுப்போச்சுன்னா சீசன் முழுக்க நம்மகூடவே இருங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். பேஸை எங்க பிரகாசு எடது கையிலயே வாசிச்சுப்போடறானுங்க."

பிரகாஷ் அவர்களுடைய கீபோர்டுக்காரன். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். ஒரு சம்பளத்தில் இரண்டு ஆள். அந்த இடது கையை நான் ஜெயிக்க வேண்டும். முதல் நாள் என் தலைக்குள் இருந்தது இது ஒன்றுதான்.

கடைவீதி இசைக் கருவிக் கடை திறக்கும்வரை நகர் முழுக்கச் சுற்றினேன். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஆகாது. தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு நிறச் சட்னியும் வைத்து மூடித் தருகிறார்கள். கடித்தால் முதலில் நொறுங்கி, பிறகு புளித்து, கடைசியில் காரம் ஏறுகிறது. எங்கள் ஊரில் சுண்டலை ஒரு கையில் பிடித்தபடி கடலைப் பார்க்கலாம். இங்கே இரண்டு கையும் வேண்டும், கவனமும் வேண்டும். அசந்தால் சட்னி சட்டைக்குப் போய்விடும். எனக்குப் போயிற்று.

கடைக்காரர் பொறுமைசாலி. மேடைக்கா மண்டபத்துக்கா, எந்த மாதிரி டோன் வேண்டும் என்று கேட்டார். தூக்கலாக வேண்டும் என்றேன். பேஸ் கம்பியில் முக்கியமாக இரண்டு ரகம். மேற்சுற்று உருண்டையாக இருப்பது ரவுண்டு. பளிச்சென்று, பியானோவின் அடிக்கட்டை போல ரொம்ப நேரம் ஒலிக்கும். மேற்சுற்று தட்டையாக, வழவழவென்று இருப்பது ஃபிளாட். தொம் என்று விழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். ஃபிளாட் கம்பியை நான் ஓய்வு பெற்றவர்கள் சமாசாரமாகவே நினைத்திருந்தேன். இருப்பதிலேயே பளபளப்பான ஸ்டீல் ரவுண்டு ஒரு செட் வாங்கி அங்கேயே மாட்டினேன். என்னுடையது ஐந்து கம்பிக் கிட்டார், பேட்டரி போட்டுச் சத்தத்தை ஏற்றும் ரகம். பையில் மூன்று பெடல்கள்: சத்தத்தைச் சமப்படுத்த ஒன்று, கரகரப்பு சேர்க்க ஒன்று, ஒரு சுரத்தை இரண்டு மூன்றாக விரித்துக் காட்ட ஒன்று. கீபோர்டில் இல்லாதது எல்லாம் என்னிடம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அடுத்த நாள், சேலத்துக்குப் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளை. பிரகாஷின் வீட்டில் கீழே சேலைக் கடை, மாடியில் ஒத்திகை. வீட்டுக்குள் அம்மாவோடு கன்னடம், படியேறினால் எங்களோடு தமிழ். அக்கம்பக்கத்துத் தறிகளின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. அது ஒரு தாளத்தில் ஓடும், நாங்கள் வேறு தாளத்தில் ஓட வேண்டும். எனக்கு அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. பிரகாஷுக்கு அது காதிலேயே விழவில்லை. கீழே கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த குடும்பம், மேலே பாட்டு நின்றபோதெல்லாம் "ஏன் நிறுத்திப்போட்டாங்க?" என்று கேட்டதாம். அவன் அம்மா வந்து சொல்லிவிட்டு, சூடாக அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் வைத்துவிட்டுப் போனார். சாம்பார் சாதத்தின் தூரத்துச் சொந்தம் என்று நினைத்து அலட்சியமாக ஒரு வாய் வைத்தேன். மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

பிரகாஷ் முப்பதைத் தொட்ட ஆள். அதிகம் பேச மாட்டான். அவன் இடது கையை நான் ஒரு எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் வாசித்தது, பாவி. தப்பே இல்லை. சதுரமாக, ஒரே அளவாக, கடைசிவரை சலிக்காமல். செங்கோட்டுவேல் அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். என் பெடல்களைப் பார்த்து, சமப்படுத்தும் பெடலின் பெயர் கம்ப்ரஸர் என்றதும் தன்னிடமும் போர்வெல்லுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஒன்று இருப்பதாகவும், அதைத் தூக்க லாரி வேண்டும் என்றும் சொன்னார். என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, மறுநாள் மண்டபத்துக்கு வர வேண்டிய நேரத்தை மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் முதல் நிகழ்ச்சி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. சேலத்திலிருந்து பேருந்தில் போனேன். சங்ககிரி தாண்டியதும் வண்டி பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. அடுத்த பேருந்தில் கிட்டாரை நிறுத்தவும் இடமில்லை. அண்ணனுக்குப் போன் போட்டதும், அந்த வழியாக வந்துகொண்டிருந்த அவருடைய போர்வெல் ரிக் லாரியையே நிறுத்தச் சொன்னார். கேபினில் நான், என் மடியில் கிட்டார், சுற்றிலும் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த மூன்று பேர். எனக்குப் புரியாது என்று நினைத்து இந்தியில் பேசிக்கொண்டார்கள். உறைக்குள் இருப்பது துப்பாக்கியா என்று ஒருவன் கேட்டான். இவ்வளவு பெரிய துப்பாக்கி யாருக்கு என்றான் இரண்டாமவன். மூன்றாவது ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவாக இருந்தாலும் இந்த அம்மாவிடம் இப்போது கேட்காதே என்றான்.

திருச்செங்கோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரிக் லாரி நிற்கிறது, எந்தச் சந்தில் பார்த்தாலும் மலை தெரிகிறது. மண்டபத்து வாசலில் என்னைப் பெயர் கேட்காமலே "வாங்க சாமி, மொதல்ல சாப்பிடுங்க" என்று உட்கார வைத்தார்கள். சென்னையில் கலைஞர்களுக்குச் சாப்பாடு கடைசிப் பந்தி. இங்கே வாசிக்கும் முன்பே இலை போட்டு ஒப்புட்டு என்கிற போளியில் நெய்யும் விட்டுவிடுகிறார்கள். வயிறு நிறைந்தவுடன் நம்பிக்கையும் வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

முதல் பாட்டில் ஐந்தாவது கம்பியைத் தொட்டேன். மண்டபமே உறுமியது. இந்தப் பக்கத்து சவுண்டு சர்வீஸ்காரர்கள் ஆளுயரப் பேஸ் பெட்டிகளை அடுக்குவார்கள், குமிழை முழுசாகத் திருப்பி வைப்பார்கள். கேட்கிறவர் நெஞ்சு அதிர்ந்தால்தான் அவர்களுக்கு மரியாதை. அந்தப் பெட்டிகளுக்குள் என் புதுக் கம்பிகளின் நீளமான சுரங்கள் போய், ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது ஏறி, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகப் போயிற்று. விரித்துக் காட்டும் பெடலை அமுக்கினேன், இன்னும் குழம்பியது. குழுவின் பாடகி சுருதி கிடைக்காமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாலாவது பாட்டில் என் கம்பியை நானே கையால் அமுக்கி நிறுத்தினேன். பிரகாஷின் இடது கை ஒன்றும் நடக்காதது போல எடுத்து நடத்தியது.

இடைவேளையில் நிற்க முடியாமல் வெளியே ஓடினேன். சாலையோரம் டீக்கடைத் தூணில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அதன் கீழே பெஞ்சில் செங்கோட்டுவேல் அண்ணன். முழு நிகழ்ச்சியையும் அங்கிருந்துதான் கேட்டிருக்கிறார். அது அவருடைய வழக்கமாம். என்னையும் உட்காரச் சொல்லி, டீக்குச் சொன்னார்.

"உள்ள இருக்கறவங்க கறிச்சோறு திங்க வந்தவங்க அம்மணி. நம்ம புரோகிராமைக் கேட்டு அடுத்த திருவிழாவுக்குக் கூப்புடறவன், இப்படி வெளிய நிக்கறவந்தானுங்க" என்றார். பிறகு டீயைக் கீழே வைத்தார். "நீங்க வாசிக்கறது உள்ள போர்வெல் ஓட்டறாப்புல இருக்குது. வெளிய, வாசிக்கறீங்களான்னே தெரியல. அப்பறம் எதுக்குங்க அது?"

 மேச்சேரிப் பக்கம் ஓர் அம்மன் திருவிழா இருப்பதாகவும் என்னை வைத்துக்கொள்வதா இல்லையா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டு ஊருக்குப் போயிருப்பேன். இடைவேளை முடிந்து பிரகாஷ் நான் இல்லாமலே ஒரு பாட்டைத் தொடங்கினான். கிளம்ப எழுந்தவள் அப்படியே நின்று குழாயைப் பார்த்தேன். குழாயில் பாடகியின் குரல் வந்தது, தபலா வந்தது. அவன் இடது கையும் வரவில்லை. ஒரு துளிகூட வரவில்லை.

அன்று முழுக்க அது என் தலைக்குள் சுற்றியது. குழாய் ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் வராது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும், மேடையில் என் காலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்காகவே இத்தனை வருடம் டோன் தேடியிருக்கிறேன். உள்ளே இருப்பவருக்கு நான் இரைச்சல், வெளியே இருப்பவருக்கு நான் இல்லவே இல்லை. பிரகாஷ் உள்ளே மட்டும் இருக்கிறான். வெளியே போகிற வழியைக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

காலையில் சேலம் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கம்பி அறுந்துவிட்டதா என்றார். இல்லை, கம்பி ரொம்ப நல்லா இருக்கு, அதுதான் தொந்தரவு என்றேன். பின்சுவரில் ஒரு பழைய நாலு கம்பிக் கிட்டார் தொங்கியது. பேட்டரி வேண்டாத ரகம். முதுகில் வண்ணம் உரிந்து, ஃபிளாட் கம்பிகள் கறுத்துப்போயிருந்தன. எடுத்துத் தட்டினேன். தொம். ஒரு தும்மல் நேரம்கூட நீளவில்லை. இவ்வளவு குட்டையான சுரம் பெரிய பெட்டிக்குள் போனாலும் அடுத்த சுரத்தின் மேல் ஏறி விழாது. இன்னும் குட்டையாக்க, பக்கத்து மளிகைக் கடையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வாங்கி, அதில் ஒரு கீற்று வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். கடைக்காரர் நான் வெட்டிய மிச்சத்தை எடுத்துத் தன் கல்லாவைத் துடைத்தார்.

உள்ளே இருப்பவர் பிரச்சினை தீர்ந்தது. வெளியே இருப்பவருக்கு? கடையில் குழாய் ஸ்பீக்கர் இல்லை. ஆனால் செல்போன் இருந்தது. அடிச்சத்தம் வராத விஷயத்தில் இரண்டும் ஒரே ரகம். வாசித்ததைப் போனில் பதிந்து, அதே போனில் போட்டுக் கேட்டேன். சுத்தமாக ஒன்றும் இல்லை. கரகரப்புப் பெடலை மாட்டி, குமிழை மிகக் கொஞ்சமாகத் திருப்பிப் பதிந்தேன். லேசாக ஏதோ வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இப்போது தனியாகக் கேட்டால் தொண்டை கட்டினவர் பாடுவது போல இருந்தது. போனில் போட்டால் ஒவ்வொரு சுரமும் அடையாளம் தெரிந்தது. அடிச்சத்தம் வராவிட்டாலும் அதன்மேல் ஏறிய கரகரப்பு நடு ஒலியில் வந்துவிடுகிறது. மீதியைக் காதே நிரப்பிக்கொள்கிறது. விரித்துக் காட்டும் பெடலைக் கழற்றிப் பையின் அடியில் போட்டேன். சமப்படுத்தும் பெடலை வைத்துக்கொண்டேன்.

அந்தக் கிட்டாரை வாடகைக்குத் தர அவருக்கு மனம் இல்லை. மாற்றிக்கொள்வதானால் சரி என்றார். என் ஐந்து கம்பியை நான் முதல் நல்ல வருமானத்தில் வாங்கினேன். பத்து வருடம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. பேருந்தின் பின்னால் ஆட்டோவில் துரத்திப் பிடித்தது அதைத்தான். யோசித்தால் செய்ய மாட்டேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் கொடுத்தேன். வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு வாங்கி, குடிக்க முடியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அழுகை வந்தது.

மேச்சேரிப் பக்கத்து ஊருக்கு ஓமலூர் வழியாகக் குழுவின் வேனில் போனோம். வழியெல்லாம் சிவந்த உடம்பும் குட்டை மயிருமாக மேச்சேரி ஆடுகள் சாலையைத் தங்கள் சொந்தச் சொத்தாக நினைத்து நடந்தன. ஓட்டுநர் ஒலிப்பான் அடித்தார். ஆடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் நடந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி நடந்தால்கூட முன்னால் போய்விடலாம் போலிருந்தது.

அன்று மஞ்சள் நீராட்டு. திருவிழாவின் கடைசி நாள், மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற நாள். மதியம் தொடங்கி, அம்மன் ஊர்வலம் புறப்படும் முன் நாங்கள் முடித்துவிட வேண்டும். ஊரே மஞ்சளாக நனைந்து திரிந்தது. நான் பெடல்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினேன். ஒருவர் சொம்போடு என் பக்கம் வந்தார். நான் உங்களுக்கு எந்த முறையும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே போய், எங்கள் டிரம்மரை நனைத்தார்.

மேடையிலிருந்து பார்த்தால் குழாய் ஸ்பீக்கர்கள் தெருத் தெருவாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் குழாய் எங்கே என்று விழாக் கமிட்டிக்காரரிடம் கேட்டேன். ஏரிக்கரைத் தெருவில் என்றார். அத்தனை தூரம் எதற்கு என்றேன்.

"வரி குடுத்த ஊட்டுக்கெல்லாம் கேக்கோணுமுங்க" என்றார். "கடைசித் தெருக்காரனும் ஒரே வரிதான் குடுக்கறான். அவனுக்குப் பாட்டுப் பாதி வந்துச்சுன்னா, அடுத்த வருசம் வரிக்குப் போறப்ப என்னைத்தான் கேப்பான்."

இந்த ஊர்களில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி உண்டு. கொடுத்தவர் வாசலுக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்பது பேசாத ஒப்பந்தம். சென்னையில் பாட்டு வேண்டுமென்றால் ஆள் அரங்கத்துக்கு வர வேண்டும். இங்கே பாட்டு ஆளைத் தேடிப் போகிறது. மாடு கட்டிக்கொண்டோ, குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டோ கேட்கிறவர்தான் பாதிப் பேர்.

சவுண்டு சர்வீஸ் மாணிக்கம் என்னைக் கண்டதும் தன் குமிழை மறைத்துக்கொண்டு நின்றார். திருச்செங்கோட்டுக் கதை அவர் காதுக்கு வந்துவிட்டது. உங்கள் பெட்டியை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நெஞ்சு அதிரட்டும் என்றேன். கேட்டது ஒன்றே ஒன்று: குழாய்களுக்குப் பாட்டும் தபலாவும் மட்டும் அனுப்புகிறார், அதோடு என்னையும் சேர்த்து அனுப்ப வேண்டும். குழாயில் பேஸ் விட்டால் கிர்ரென்று கிழியும் என்று தயங்கினார். கிழிந்தால் உடனே அணைத்துவிடுங்கள் என்றேன். கிட்டாரைப் பிரகாஷ் கையில் கொடுத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லிவிட்டு, ஏரிக்கரைத் தெரு வரை நடந்தேன். மஞ்சள் தண்ணீருக்குத் தப்பி நடப்பது தனி வித்தை. கடைசிக் குழாய்க்குக் கீழே ஒரு வீட்டில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து கரகரவென்று, ஆனால் தெளிவாக, பேஸ் நடந்து வந்தது. மேடைக்குத் திரும்பி ஓடினேன்.

மேடையேறும் முன் பிரகாஷிடம், இன்று இடது கையை எடுத்துவிடு, விழுந்தால் நான் விழுகிறேன் என்றேன். அவன் அண்ணனைத் தேடினான். அண்ணன் ஒருவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டிருந்தார்.

முதல் பாட்டில் பெட்டிகள் தொம் தொம்மென்று அதிர்ந்தன. ஆனால் ஒவ்வொரு சுரமும் விழுந்த இடத்திலேயே நின்றது. பாடகி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம். இரண்டாவது பாட்டில் பிரகாஷின் இடது கை சும்மா மடியில் கிடந்தது. மூன்றாவதில் அது தயங்கித் தயங்கி மேலே ஏறி, பாட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி இரண்டு சுரம் வைத்தது. பிறகு நாலு. அடுத்தடுத்து வயலின்கள் போல ஏதோ விரிந்தது. அவன் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. டிரம்மரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.  நான் எதற்காக வாசிக்க வந்தேன் என்பது ரொம்ப நாளைக்குப் பிறகு ஞாபகம் வந்தது.

ஊர்வலத்துக்கு மேளம் கூடியதும் முடித்தோம். செங்கோட்டுவேல் அண்ணன் மொபெட்டிலிருந்து இறங்கி நேராக வந்தார். முகமெல்லாம் மஞ்சள். "அம்மணி, ஏரிக்கரை வரைக்கும் வந்துச்சுங்க" என்றார். "நானே பக்கத்துல இருந்தவன்கிட்டக் கேட்டேன், இது என்ன சத்தம்னு. பாட்டு முழுசா இருக்குதுங்கறான். இந்தச் சவுண்டு இனி நமக்கு வேணுமுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் பிரகாஷிடம் திரும்பினார். "டேய், அம்மணி ஊருக்குப் போறதுக்குள்ள ஒவ்வொரு சுரமா உன்ற பொட்டியில ஏத்திக்க."

பிரகாஷின் கீபோர்டில் அது முடியும். வெளிச் சத்தத்தைச் சுரம் சுரமாகப் பதிந்துகொண்டால், பிறகு விரலை வைத்தால் அதே சத்தம் வரும். அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல கிணறு கண்டால் மோட்டார் மாட்டுகிற மாதிரிதான் அவருக்கு இது. சும்மா வேண்டாம், அதற்கு உண்டானதைத் தந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. என் சத்தம் பிடித்திருக்கிறது, நான் வேண்டாம். திங்கட்கிழமையும் அந்த நாற்காலியும் கண் முன்னால் வந்து நின்றன. கொடுத்தால் கையில் ஏதாவது மிஞ்சும், கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை.

"தர மாட்டேண்ணா" என்றேன். "நான் வர்ற எடத்துக்குத்தான் இந்தச் சத்தம் வரும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, ஏமாற்றமா தெரியவில்லை. சரிங்க, உங்க இஷ்டம் என்றார். அவ்வளவுதான். பிடிவாதம் பிடித்து இருந்த ஒரே கதவையும் சாத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஸ்பாஞ்சை உருவி, கிட்டாரை உறைக்குள் வைத்தேன்.  திரும்ப எடுத்து, சரி பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அப்போது பிரகாஷ் பேசினான். நான் அவனைப் பார்த்ததிலிருந்து அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணா, அக்கா குடுத்தாலும் நான் ஏத்திக்க மாட்டேனுங்க. எட்டு வருசமா இந்தக் கையை அடியிலயே கட்டிப் போட்டு வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் மேல வந்துச்சு. திரும்ப அங்க கொண்டுபோயி வெக்க என்னால ஆவாதுங்கண்ணா."

 டிரம்மர் ஈரச் சட்டையைப் பிழிவதில் திடீரென்று ரொம்ப அக்கறை காட்டினார். ஊர்வல மேளம் தெருமுனை திரும்பியது. அண்ணன் பிரகாஷின் கையைப் பார்த்தார், பிறகு என் உறையைப் பார்த்தார். முகத்து மஞ்சளைத் தோள் துண்டால் துடைத்தார். அது இன்னும் பரவிற்று.

"ரெண்டு பேரும் ஒட்டுக்காச் சேந்து எனக்கு எதிராக் கெளம்பீட்டீங்களா?" என்றார். வேனுக்குப் போய், முன்கதவில் கை வைத்து, திரும்பாமலே சொன்னார். "வெள்ளிக்கெழமை குமாரபாளையம். மதியத்துக்கு வண்டி கெளம்பீரும். யாருக்காவவும் நிக்காதுங்க அம்மணி."

நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன்.  தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. பிரகாஷ் பார்த்தான், எனக்காக அவன்தான் சொன்னான்.